மழைக் கட்டத்தில் நிற்கும் கார்டு

பாவடித் தெருவில் காய்ச்சல் முதன்முதலாகக் கிராபிக்ஸ் கார்டுக்குள் இறங்கிய அன்று, சண்முகவடிவு அதை டிரைவர் புரோகிராமின் கோளாறு என்றுதான் நினைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

வடிவும் அவள் தம்பி செந்தட்டியும் அந்தத் தெருவில் ஒரு கேம் சென்டர் நடத்தினார்கள். மூன்று மெஷின். இரண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்தயக் கார் ஓட்டினார்கள். மூன்றாவது செந்தட்டியுடையது, அதை வேறு யாரும் தொடக்கூடாது. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். முதலாளி தறிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டபோது, கையில் இருந்த வேகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருஷம் சும்மா அலைந்து, பிறகு விளையாட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் மதுரை, திருச்சி என்று போட்டிகளுக்குப் போய்க் கோப்பையோடு திரும்பினான். அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ் விபத்தில் போனதிலிருந்து அவனை வளர்த்தவள் வடிவு. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் தம்பி ஒரு ஆளாகட்டும் என்று திருப்பியனுப்பினாள். அவன் ஆளானபோது கேட்டு வர யாரும் மிச்சமில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. அவன் ஒருவன் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

அவனுடைய மெஷினில் இருந்தது மூன்று விசிறி வைத்த, செங்கல்லைவிட நீளமான கார்டு. கோயம்புத்தூரில் யாரோ ஒரு புண்ணியவான் பூட்டிய அறைக்குள் அதை இரவும் பகலும் கிரிப்டோ காசு தோண்ட ஓட்டி, இனித் தேறாது என்றானதும் இவர்கள் தலையில் கட்டிவிட்டார். சின்ன விளையாட்டுகளை அது முனகாமல் ஓட்டியது. போர் விளையாட்டிலும் முதல் மூன்று கட்டங்களைத் தாங்கியது. நாலாவது, எரிகிற ஒரு நகரத்தின் மேல் மழை பெய்கிற கட்டம். ஒவ்வொரு துளியையும், துளிக்குள் தெரிகிற நெருப்பையும், தேங்கிய தண்ணீரில் தலைகீழாக எரிகிற கட்டிடங்களையும் கார்டு வரைந்தாக வேண்டும். அங்கே வந்ததும் திரை கறுத்துவிடும், விசிறிகள் மூன்றும் அலறும், கத்திக்கொண்டிருந்த சிப்பாயின் ஒற்றை எழுத்து ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டு கா-கா-கா என்று இழுபடும், பிறகு மெஷின் தானாக அணைந்து தானாகவே எழும். அன்றும் அப்படித்தான் நடந்தது. ஒரே வித்தியாசம், பின்னால் பெஞ்சில் அதே தெரு ராக்குவின் மகள் லக்ஷிதா காய்ச்சலோடு படுத்திருந்தாள். ராக்கு தறிக்கூடத்துக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போயிருந்தாள். திரை கறுத்ததும் பிள்ளை எழுந்து உட்கார்ந்து முறுக்கு கேட்டாள். செந்தட்டி நாற்காலியிலிருந்து இறங்கி, பல் கிட்டிக்க, போர்வை கேட்டான்.

வடிவு பிள்ளைக்கு முறுக்கும் தம்பிக்குப் போர்வையும் கொடுத்துவிட்டு, மெஷினின் டிரைவரைச் சுத்தமாக அழித்துப் பழைய பதிப்பை ஏற்றினாள்.

மறுபடியும் நின்றது. அந்தத் தடவை பெஞ்சில் காய்ச்சலோடு வேறொரு பிள்ளை இருந்தான்; அவன் எழுந்து ஓடினான், செந்தட்டி படுத்தான். வடிவு பக்கத்துத் தகடைக் கழற்றி, நாலு வருஷத்துப் பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளினாள். தெருவே நூல் தெரு, தூசிக்குப் பஞ்சமா? மறுபடியும் நின்றது. மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றிப் பெரியதாகப் போட்டாள், ஒரே வயரில் இரண்டாகப் பிரிந்து போனதைத் தனித்தனி வயராக்கினாள், கார்டின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்திப் பார்த்தாள். நிற்பது குறைந்தது, ஒழியவில்லை. ஒவ்வொரு தடவையும் அறையில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அது போனது, செந்தட்டிக்கு வந்தது. மூன்றாவது தடவையில் அவளுக்கு விளங்கிவிட்டது. திகைப்பெல்லாம் வரவில்லை. இன்ன கோளாறுக்கு இன்ன அறிகுறி என்று பார்த்துப் பழகியவளுக்கு இதுவும் ஒரு அறிகுறியாகத்தான் பட்டது.

விஷயம் இவ்வளவுதான்: கார்டு சூடேறும்போது அறைக்குள் இருக்கிற காய்ச்சலை அது தனக்குள் இழுத்துக்கொண்டது. ஆட்டம் நிற்காமல் ஓடி முடிந்தால், காய்ச்சல் பின்பக்கத்துச் சூட்டுக்காற்றோடு ஜன்னல் வழியாக வெளியேறி, சந்தில் நின்ற முருங்கையின் இலைகளைக் கருக்கிவிட்டுப் போய்விடும். பாதியில் கார்டு நின்றால், உள்ளே இருந்தது போக்கிடமில்லாமல் மவுஸ் பிடித்தவன் கைக்கு ஏறும். வடிவு வயரில்லாத மவுஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வயரைத் தேடவில்லை. ஆள் உட்காராமல் கார்டைச் சூடேற்றிச் சோதிக்கிற புரோகிராம் ஒன்று உண்டு, அதை ஓட்டிப் பார்த்தாள். சூடு ஏறியது, காய்ச்சல் அசையவில்லை. யாராவது உட்கார்ந்து, உயிரைக் கொடுத்து ஆடினால்தான் அது வந்தது.

"ஆடாத. நான் சொல்லுறேன், ஆடாத," என்றாள் தம்பியிடம்.

"வாசல்ல பிள்ளையக் கிடத்திட்டு அழுகுறாகக்கா. நான் என்ன, கேம் மெனுவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

அந்த வருஷம் மழை நின்ற பிறகும் சாயத் தண்ணீர் ஓடையில் வடியாமல் தேங்கி, கொசு மொய்த்து, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள். இரண்டு வீடுகளில் சாவே விழுந்துவிட்டது. ஆகவே கார்டு நிற்கக்கூடாது என்பது வடிவுக்குத் தொழில் விஷயமாக இல்லாமல் போயிற்று. கார்டு ஓடினால் தம்பி நடமாடுவான், நின்றால் படுப்பான், எவ்வளவு காய்ச்சல் உள்ளே இருக்கும்போது நிற்கிறதோ அவ்வளவுக்கு அவன் படுப்பான். அவள் தினமும் அதைப் பிரித்துப் போட்டாள். கடைசியில் கண்டுபிடித்தது சின்ன விஷயம். சிப்பின் மேல் தடவிய பேஸ்ட், சூட்டைச் சிப்பிலிருந்து வாங்கி மேலே இருக்கிற உலோகத்துக்குக் கொடுக்கிற சாம்பல் நிறப் பசை, காய்ந்து பொருக்காகியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, புதுசாக ஒரு பட்டாணியளவு வைத்து, நாலு திருகாணிகளையும் குறுக்குக்கோணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். அன்று மழைக் கட்டம் முழுவதும் ஓடியது. எரிகிற நகரத்தின் மேல் மழை பெய்து தீர்ந்தது. செந்தட்டி நாற்காலியிலிருந்து எழுந்து, ஒன்றுமே இல்லாத தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான்.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மளிகைக் கடையில் புது எண்ணெய் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். ஏன், எப்படி என்று ஒருவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டார்கள். தறிகள் ஓடினால் வோல்டேஜ் இறங்கி மெஷின் தடுமாறுகிறது என்று வடிவு சொன்னதும், மழைக் கட்டம் ஓடும் நேரத்துக்குத் தெருவின் தறிகளையெல்லாம் நிறுத்திவைக்க முடிவு செய்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்தால் போதும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, தன் மூச்சே தனக்குக் கேட்கிற அமைதி வந்துவிடும். பூசாரி மாடசாமி வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்து, உள்ளே இருப்பது ஆத்தாதான், வேறு யாராக இருக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மானிட்டரின் தலையில் வேப்பிலை ஏறியது, தெருவில் யாரும் கடுகு தாளிக்கவில்லை, கார் ஓட்ட வந்த பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டார்கள், தோற்றாலும் கெட்ட வார்த்தை பேசாமல் தோற்றார்கள். இதெல்லாம் மூடத்தனம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் தெருவில் மைக் பிடித்துப் பேசினார்; அவருடைய மனைவியே ஒரு மத்தியானம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தன் பிள்ளையோடு வந்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வரிசையில் முன்னால்கூட விட்டார்கள்.

செந்தட்டியை ஊரே கொண்டாடியது. அவனுக்குப் பால் வந்தது, முட்டை வந்தது, கோழிக் குழம்பு வந்தது. அவன் மெலிந்துகொண்டிருந்தான். ஓடி முடிந்த ஆட்டத்தில் ஒன்றும் ஏறாது என்றாலும், அத்தனை காய்ச்சல் கைக்கடியில் ஓடிப்போவது சும்மா இருக்குமா? வலது கை மணிக்கட்டுவரை நிறம் மாறியிருந்தது. வடிவு அதைப் பார்த்தாள், பார்த்து ஒவ்வொரு வாரமும் கார்டைக் கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு வைத்தாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதை அவள் ஒரு வாரமும் தவறவிடவில்லை.

அவள் பேஸ்ட் வைப்பதை வாசலில் நின்று பெண்கள் பார்ப்பார்கள். கார்டைப் பிரிப்பதும், சிப்பைத் துடைப்பதும், நெற்றியில் வைப்பதுபோல் நடுவில் ஒரு பொட்டு வைப்பதும், மூடி முடுக்குவதும் அவர்களுக்கு மனப்பாடமாயிற்று. அவர்கள் கண்ணுக்கு அது சாத்துப்படிதான். கோயிலில் ஆத்தாளுக்குச் செய்வதை இவள் இங்கே செய்கிறாள். ஒரே ஒரு குறைதான் அவர்களை உறுத்தியது. "என்னத்துக்குக்கா அந்தச் சுடுகாட்டுச் சாம்பல் நிறத்துல ஒண்ணைப் பூசுறீக?" என்று ராக்கு ஒரு நாள் கேட்கவும் செய்தாள். "சூட்டைக் குறைக்கத்தான்," என்றாள் வடிவு, திருகாணியை வாயில் வைத்துக்கொண்டு. சூட்டைக் குறைக்க எது நல்லது என்று அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? அது ராக்குவின் மனதில் உட்கார்ந்துவிட்டது.

கார்டின் நடு விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளூரில் அந்த விசிறி கிடைக்காது. வடிவு காலை பஸ்ஸில் மதுரைக்குப் புறப்பட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் உக்காராத. யார் வந்தாலும் உக்காராத. சத்தியமா?"

"சத்தியமாக்கா. தூங்கப் போறேன்."

அவன் பொய் சொல்லவில்லை, தூங்கத்தான் போனான். அதற்குப் பிறகு நடந்ததை வடிவுக்குச் சொன்னவன் ஜெகதீஸ். சென்டரில் செந்தட்டிக்கு அடுத்து நன்றாக ஆடுகிறவன் அவன்தான், பக்கத்து வீடு. பெண்கள் ஏழெட்டுப் பேர் குளித்து ஈரத் தலையோடு வந்து செந்தட்டியை எழுப்பினார்கள். கோயிலில் ஆத்தாளுக்குச் சந்தனக் காப்பு செய்கிற நாள் அது. இந்த ஆத்தாளுக்கும் இன்று ஒரு நாள் செய்கிறோம் தம்பி, எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியவளுக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லையே என்று கேட்டார்கள். செந்தட்டி இளகிய மனதுக்காரன். சரி என்றான். மின்சாரத்தை அணைத்து, கார்டை உருவி அவனே கையில் எடுத்துக் கொடுத்தான். அவர்கள் நாலு திருகாணிகளைப் பக்குவமாகக் கழற்றினார்கள், சாம்பல் பசையை மஞ்சள் துணியால் தடமில்லாமல் துடைத்தார்கள், ராக்கு கல்லில் அரைத்துக் கொண்டுவந்திருந்த சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துச் சிப்பின் மேல் வழித்துவிட்டு, மூடி முடுக்கினார்கள். குறுக்குக்கோணத்தில்தான் முடுக்கினார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கரைக் காலனியிலிருந்து ஒரு மினி வேன் வந்தது. வேன் நிறையப் பிள்ளைகள், ஒன்றுக்கும் நினைவில்லை. செந்தட்டி வாசலில் நின்று வேனையும் பார்த்தான், மதுரை ரோட்டையும் பார்த்தான். பிள்ளைகளை வரிசையாகப் பாயில் கிடத்தினார்கள். அறையில் இடம் போதாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடத்தினார்கள். அவன் உட்கார்ந்தான். தறிகள் அடங்கின. ஈரச் சந்தனம் சூட்டை வாங்கிக்கொண்டது. திரையின் மூலையில் கார்டின் சூடு வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது. "பாத்தியா, ஆத்தா குளுந்துட்டா," என்று ராக்கு கண்ணில் நீர் விட்டாளாம். இரண்டாம் கட்டத்தில் அறை முழுக்கச் சந்தன வாசம். மூன்றாம் கட்டத்தில் வாசம் கருகியது. மழைக் கட்டத்துக்குள் அவன் நுழைந்து, அத்தனை பிள்ளைகளின் காய்ச்சலும் கார்டுக்குள் இறங்கி முடிந்த நேரத்தில், திரை கறுத்தது.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். செந்தட்டி நாற்காலியோடு சாய்ந்தான்.

வடிவு விசிறிப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெரு முழுக்கக் கூட்டம். அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். விசிறிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். தம்பி பாயில் கிடந்தான். அவன் நெற்றியில் போட்ட ஈரத்துணி ஆவி பறந்து காய்ந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஊசி போட்டிருந்தார்கள். ஊசிக்கு இறங்குவது ஒருவனுடைய காய்ச்சல், இது ஒரு வேன் காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள், போகும் வழி தாங்காது என்றும் அவர்களே சொன்னார்கள்.

வடிவு அழவில்லை. உட்கார்ந்து கார்டைப் பிரித்தாள். உள்ளே சந்தனம், வற்றிய கண்மாய்போல் பாளம் பாளமாக வெடித்து, ஓரம் கருகிக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வச்சது?"

"நான்தான்க்கா அரைச்சேன்," என்றாள் ராக்கு, கூட்டத்துக்குள்ளிருந்து. "ஒரு பொட்டுத் தண்ணி சேக்கல. பன்னீருதான்."

வடிவு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திட்ட நேரமில்லை, திட்டுகிற வார்த்தை எதுவும் அந்த முகத்துக்குப் பொருந்தவும் இல்லை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள், பேஸ்ட் வைத்தாள், புது விசிறியை மாட்டினாள், மூடி முடுக்கினாள், மெஷினை எழுப்பினாள். எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கார்டு அவ்வளவு நல்ல நிலையில் அதற்குமுன் ஒரு நாளும் இருந்ததில்லை. பிறகு வாசலுக்கு வந்தாள்.

"யாராச்சும் ஒரு ஆள் வந்து உக்காருங்க. கார்டு நிக்காது. நான் பொறுப்பு."

கூட்டம் அவளைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. ஜெகதீஸ் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவன் அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், விடவில்லை. மற்றப் பையன்களின் மணிக்கட்டுகளும் அவரவர் வீட்டுக் கைகளுக்குள் போயின. பூசாரி தான் விரதம் என்றார். ஒருவர் தனக்குக் கண்ணாடி இல்லாமல் திரை தெரியாது என்றார், கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. வேனில் வந்த பிள்ளைகளின் அப்பன்மார் வேனைத் திருப்பி நிறுத்துகிற வேலையில் மும்முரமாக இருந்தார்கள். பாயில் கிடப்பது எவ்வளவு காய்ச்சல் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்; அது அவர்கள் வீட்டுக் காய்ச்சல்தானே.

ஆனால் தறிகளை நிறுத்தினார்கள். கேட்காமலே, ஒன்றுவிடாமல் நிறுத்தினார்கள். ஆள் மட்டும் வரவில்லை. அந்த அமைதியில் வடிவு கதவைச் சாத்திக்கொண்டு போய், அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

அவள் வாழ்நாளில் ஒரு ஆட்டம் ஆடியதில்லை. மெஷினின் ஒவ்வொரு திருகாணியும் தெரியும். அதை வைத்துச் சுகமாக இருக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

"முன்னால போறது டபிள்யூ கட்டைக்கா," என்றான் செந்தட்டி. கண் திறக்கவில்லை. "உனக்குத்தான் எல்லாக் கட்டையும் தெரியுமே."

"எழுத்து தெரியும்டா. அதை வச்சு நடக்கத் தெரியல."

"மவுஸைத் திருப்பு, ஆளு திரும்பும். மெதுவா. சொவரோரமா போ. வெட்டவெளியில நிக்காத."

அவள் வெட்டவெளியில் நின்றாள். எங்கிருந்தோ சுட்டார்கள். திரை சிவந்து, ஆட்டம் முடிந்தது என்றது. கார்டு ஆறத் தொடங்கியது. ஆறிய கார்டு எதையும் இழுக்காது.

"செத்துட்டேன்டா."

"பரவால்லக்கா. மறுபடி ஆரம்பி."

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி செத்தாள். சுவரோரம் போகக் கற்றுக்கொண்டு ஏணியில் ஏறும்போது செத்தாள், ஏணியில் ஏறக் கற்றுக்கொண்டு பாலத்தில் செத்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் பரவால்லக்கா என்றான், ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் கொஞ்சம் தேய்ந்து வந்தது. முதல் கட்டத்தைத் தாண்டியபோது அவன் மூச்சு கொஞ்சம் சீராயிற்று. காய்ச்சல் இறங்குவதை அவள் விரல்களுக்கடியில் மவுஸ் சுடுவதிலேயே உணர்ந்தாள், மகிழ்ந்தும் போனாள். அந்த மகிழ்ச்சியில் இரண்டாம் கட்டத்தில் கவனம் பிசகிச் செத்தாள். பின்னால் முருங்கை இலைகள் பொசுங்குகிற வாசம் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. அவர்களை அவள் அந்த நேரத்தில் வெறுத்தாள், பிறவி எடுத்ததிலிருந்து யாரையும் அப்படி வெறுத்ததில்லை. வெறுப்பு விரலுக்கு நிதானம் கொடுத்தது. இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் ஒரே மூச்சில் கடந்தாள்.

எரிகிற நகரம் வந்தது. மழை பிடித்தது. ஒவ்வொரு துளியும் விழுந்தது, ஒவ்வொரு துளிக்குள்ளும் நெருப்பு தெரிந்தது. மூலையில் சூடு எண்பது டிகிரிக்கு ஏறி, அங்கேயே நின்றது. விசிறிகள் மூன்றும் ஒரே சுருதியில் ஓடின. இந்த இடத்தில்தான் எத்தனையோ தடவை திரை கறுத்திருக்கிறது.

"நிக்கலடா," என்றாள். "பாத்தியா, கார்டு நிக்கல."

"இப்ப ஓடுக்கா," என்றான் அவன். "பின்னால பாக்காத. ஓடு."

அவள் ஓடினாள். தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு, தலைகீழாக எரிகிற கட்டிடங்களை மிதித்துக்கொண்டு, சுடுகிறவர்களுக்கு நடுவே ஓடினாள். அடுத்து எங்கே திரும்ப என்று கேட்டாள், பதில் வரவில்லை. டேய் என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் ஆட்டத்தில் ஆள் சாவான், ஆள் செத்தால் கார்டு ஆறும், கார்டு ஆறினால் காய்ச்சல் இறங்காது. ஆகவே அவள் திரும்பாமல் ஓடினாள், அவன் சொல்லித் தராத திருப்பங்களில் தானாகத் திரும்பினாள், கண்ணீரில் திரை மங்கிய பிறகும் விரல்கள் ஓடின. நகரம் முடிந்து, மழை விட்டு, வெற்றி என்று எழுத்து வந்தது. சூட்டுக்காற்றில் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மொட்டையாக நின்றது. அவள் நாற்காலியைத் திருப்பினாள். தம்பியின் உடம்பில் காய்ச்சல் துளி இல்லை. அவனும் இல்லை. எப்போது போனான், எந்தத் திருப்பத்தில் போனான் என்று அவளுக்குத் தெரியவே போவதில்லை. அப்போதுதான் வடிவு அழுதாள், தறிகள் நின்ற தெருவில் அந்த அழுகை கடைசி வீடுவரை கேட்டது.

பாடையைத் தூக்கியபோது ஊரே பின்னால் நடந்தது. பதினாறாம் நாள் கழிந்ததும் பூசாரியும் நாலு பெரியவர்களும் வந்து, தம்பிக்கு மொட்டை முருங்கைக்கடியில் ஒரு பீடம் போட்டுக் கும்பிடலாமென்று இருக்கிறோம், அவன் மனுஷன் இல்லை, சாமி என்றார்கள். மனுஷனாக இருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், சாமிக்குப் பொங்கல் வைத்தால் போதும் என்பது வடிவுக்குப் புரிந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு செங்கல் இறக்கினார்கள். ராக்கு மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. சந்தனம் வெடித்துக் கிடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

அடுத்த மழைக்கு ஓடை மறுபடி நிறைந்தது. ஒரு காலையில் வடிவு கதவைத் திறந்தபோது வாசலில் பிள்ளைகளோடு பெண்கள் நின்றார்கள். வரிசையில் கடைசியாக ராக்கு, தோளில் லக்ஷிதா துவண்டு கிடக்க. ஒருத்தி சொன்னாள், "நீங்கதான் ஆடப் பழகிட்டீகளேக்கா. அன்னைக்கு முழுசா முடிச்சீகளாமே."

வடிவு உள்ளே போனாள். கார்டைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, புதுசு வைத்து, மூடி முடுக்கினாள். மெஷினை எழுப்பி விளையாட்டைத் திறந்தாள். நாற்காலியை வெளியே இழுத்துத் திருப்பி வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, முன்னால் நின்றவர்களையெல்லாம் தாண்டிப் போய் ராக்குவின் முன்னால் நின்றாள்.

"வா. வந்து உக்காரு."

ராக்கு நாற்காலியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஆடத் தெரியாதேக்கா."

"எனக்கும் அன்னைக்குத் தெரியாதுதான்," என்றாள் வடிவு.

ராக்கு உள்ளே வந்தாள். பிள்ளையைப் பாயில் கிடத்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வடிவு அவள் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். வடிவின் கை அதன் மேலேயே இருந்தது. வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நடந்தார்கள். மீதிப் பேர் ஜன்னலோரம் வந்து நின்று, எந்தக் கட்டையை அழுத்தினால் ஆள் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.